சொல்லாமல் விட்டது

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவ வழக்கு விஷயமாக என்னைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மஞ்சள் பையோடு வருவார்கள். பையை மேசைமேல் வைத்துவிட்டு, "எல்லாம் இதுல இருக்குங்க வக்கீலம்மா" என்பார்கள். ஸ்கேன் படங்களைச் சுருட்டி வைத்திருப்பார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளும் மருந்துக்கடை பில்களும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கும். நாலாக மடித்த டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்று இருக்கும், மடிப்பில் எழுத்து அழிந்துபோய். ஒரு குடும்பம் தன் மனுஷரைக் காப்பாற்ற எத்தனை வாசல் ஏறி இறங்கியது என்பதை அந்தப் பையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஆனால் பெரும்பாலான பைகளில் ஒன்று மட்டும் இருக்காது. கேஸ் ஷீட். எந்த நேரத்தில் எந்த டாக்டர் வந்து பார்த்தார், ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது, எந்த ஊசி எந்த அளவில் போடப்பட்டது, ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறியபோது நர்ஸ் யாருக்குப் போன் செய்தார், ஆபரேஷன் தியேட்டருக்குள் என்ன நடந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. "அது ஆஸ்பத்திரியோடதுங்களே, நமக்கு எப்படிக் கொடுப்பாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள்.

சரி, காகிதம் போகட்டும் என்று, "டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார்?" என்று கேட்பேன். படித்தவர், படிக்காதவர், பணம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் இல்லாமல் பதில் ஒரே மாதிரி வரும். "ஒண்ணுமே சொல்லலைங்க."

மருத்துவ அலட்சியமும் நோயாளியின் சட்ட உரிமைகளும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தலைப்பின் எல்லா மூலைக்கும் நான் போகப் போவதில்லை. "ஒண்ணுமே சொல்லலைங்க" என்ற அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் பேசப் போகிறேன். தன் உடம்பில் என்ன நடக்கிறது, என்ன நடக்கப் போகிறது, என்ன நடந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிற உரிமைதான் நோயாளியின் மற்ற உரிமைகளுக்கெல்லாம் வேர் என்று நான் நினைக்கிறேன். அந்த வேர் அறுந்த இடத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் பிறக்கின்றன.

நம் சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1996 ஆகஸ்டு 30-ஆம் தேதி, எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 29 வாரத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்து, ஆக்சிஜன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். செப்டம்பர் 23-ஆம் தேதி குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றேகால் கிலோக் குழந்தை பிழைத்து வீடு வந்தால் அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று இங்கிருக்கிற தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தைக்கு நாலரை மாதம் ஆனபோது, மும்பையில் தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு குழந்தை மருத்துவருக்குக் கண்ணைப் பற்றிச் சந்தேகம் வந்தது. பரிசோதித்துப் பார்த்தார்கள். பார்வை போய்விட்டிருந்தது.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளரத் தொடங்கலாம். வெளியிலிருந்து கொடுக்கப்படும் ஆக்சிஜன் அந்த வளர்ச்சியை இன்னும் குலைக்கக்கூடும். அப்படி வளர்ந்த குழாய்கள் தழும்பாகிச் சுருங்கி, விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். டாக்டர்கள் இதைச் சுருக்கமாக ஆர்ஓபி என்பார்கள். வெளியே பார்த்தால் கண் கண்ணாகவே இருக்கும், தாய்க்குத் தெரியாது. கண் மருத்துவர் கருவி வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். சரியான வாரத்தில் பார்த்தால் லேசர் சிகிச்சையால் பார்வையைக் காப்பாற்ற வழி உண்டு. அந்த வாரங்கள் கடந்துவிட்டால் பெரும்பாலும் கதவு மூடிவிடும்.

குழந்தையின் தகப்பனார் வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2015 ஜூலை 1-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அதுவரை ஆன செலவும் இனி வாழ்நாள் முழுக்க ஆகப்போகும் செலவும் சேர்த்துச் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உத்தரவு. பிறந்து 19 ஆண்டு ஆகப்போகும் நேரம். குழந்தை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அவர் அதற்குள் வாக்களிக்கும் வயதைத் தாண்டியிருந்தார்.

அந்தத் தீர்ப்பில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் பணம் இல்லை. எது அலட்சியம் என்று நீதிமன்றம் சொன்னது என்பதைக் கவனியுங்கள். உரிய நேரத்தில் குழந்தையின் கண்ணைப் பரிசோதிக்கவில்லை, இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை என்பதுதான் அலட்சியம். "இத்தனை நாளைக்குள் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்" என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஒரு நிமிஷ வேலை. கை செய்த தவறுகளைப் பற்றித்தான் நாம் நிறையப் பேசுகிறோம். வாய் சொல்லாமல் விட்டதும் சட்டத்தின் கண்ணில் அதே அளவுக்குத் தவறு.

இங்கே யார் வீட்டிலாவது 34 வாரத்துக்கு முன்னாலோ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ குழந்தை பிறந்திருந்தால், பிறந்த 30 நாளைக்குள் கண் பரிசோதனை நடந்ததா என்று இன்றைக்கே கேளுங்கள். வழக்கைப் பற்றி நான் சொல்கிற எதையும்விட இது முக்கியம்.

அடுத்து, அலட்சியம் என்றால் என்ன? இதில் நம் ஆட்களுக்கும் ஒரு தெளிவு வேண்டும். சிகிச்சை பலிக்கவில்லை என்றாலே அது அலட்சியம் ஆகிவிடாது. எல்லா நோயும் தீராது. தேர்ந்த மருத்துவர் தேர்ந்த முறையில் செய்த அறுவையிலும் உயிர் போகலாம். அதே துறையில் சராசரித் திறமை உள்ள இன்னொரு மருத்துவர் அந்த நிலையில் என்ன செய்திருப்பாரோ அதை இவர் செய்தாரா என்பதே கேள்வி. 1957-இல் இங்கிலாந்தில் போலம் என்பவரின் வழக்கில் பிறந்த அளவுகோல் இது. நம் நீதிமன்றங்களும் பெருமளவு இதையே பிடித்து வருகின்றன. இரண்டு சிகிச்சை முறைகள் இருந்து, மருத்துவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், மற்றது நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு தெரிந்தது என்றால், அதற்காக அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் என்னிடம் வருகிற பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் என்மேல் கோபப்பட்டிருக்கிறார்கள். கோபத்தில் நியாயம் இருந்தது, வழக்கில் இருக்கவில்லை.

சில வழக்குகளில் வாதமே தேவைப்படாது. 1963-இல் மகாராஷ்டிரத்தில் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பின் ஒரு பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றுக்குள் ஒரு துணியை வைத்தே தைத்துவிட்டார்கள். அதே மாதம் அவர் இறந்துபோனார். துணி உள்ளே இருந்ததே சாட்சி, வேறு சாட்சி எதற்கு? ஆனாலும் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகக் கடைசித் தீர்ப்புச் சொன்னது 1996-இல். அந்தத் துணியைவிடக் கனமானது அந்த 33 ஆண்டு.

இனி கையெழுத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஒப்புதல் படிவம் என்று ஒன்றில் கையெழுத்து வாங்குகிறார்களே, அது.

எங்கள் சித்திக்குப் பித்தப்பையில் கல். ஊர் பேர் வேண்டாம், ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ராத்திரி பதினொரு மணிக்கு வராந்தாவில் ஒரு சிஸ்டர் ஐந்து தாள்களை நீட்டி, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களைக் காட்டினார். நான் வக்கீல். அப்போது எனக்குப் பதினோரு வருஷ அனுபவம். அத்தனை இடத்திலும் கையெழுத்துப் போட்டேன், ஒரு வரி படிக்கவில்லை. சித்தி உள்ளே முழு நினைவோடு படுத்திருந்தார். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவர் வயிறு அது, என்னுடையது இல்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

சில வருஷம் கழித்து, 2008 ஜனவரியில், டெல்லி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோதுதான் உறைத்தது. 44 வயது, மணமாகாத பெண். நிற்காத உதிரப்போக்கு. காரணம் என்ன என்று வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதற்காக 1995-இல் மயக்க மருந்து கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே உதவி மருத்துவர் வெளியே வந்து அவருடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்கிப் போனார். அந்தப் பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது அவர் உடம்பு வேறாக இருந்தது.

அம்மாதானே கையெழுத்துப் போட்டார் என்று நம் ஊரில் யாரும் சொல்வார்கள். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. வயது வந்த, தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவர் தற்காலிகமாக மயக்கத்தில் இருக்கிறார். உடனே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையும் இல்லை. அப்படியானால் அவர் விழிக்கும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்குச் சம்மதம் ஆகாது. என்ன செய்யப் போகிறோம், எதற்காக, வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நோயாளிக்குப் புரியும்படி சொல்லி, அதன் பிறகு வாங்கினால்தான் சம்மதம். சொல்லாமல் வாங்கிய கையெழுத்து வெறும் மை.

அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய். மருத்துவர் கேட்ட கட்டணத்தையும் தர வேண்டியதில்லை என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தத் தொகையில் உடன்பாடு இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு சொன்ன நெறி இன்று நாடு முழுக்க எல்லா ஆபரேஷன் தியேட்டர் வாசலிலும் நிற்கிறது. ஆகவே, பென்சில் குறி போட்ட தாளை நீட்டினால், "தமிழில் சொல்லுங்கள், நோயாளியிடமே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பணிவாகவே கேட்கலாம்.

சித்தியின் கதையைப் பாதியில் விட்டேன். ஆபரேஷன் முடிந்து நாலு நாள், "எல்லாம் நார்மல்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சித்தியின் கண்ணும் தோலும் மஞ்சளாகிக்கொண்டே வந்தன. ஐந்தாம் நாள் காலையில் ஓர் இளம் டாக்டர், அறுவை செய்தவர் இல்லை, அவருடைய உதவியாளர், ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சித்தியின் கட்டிலருகே உட்கார்ந்தார். "பாட்டி, உள்ளே பித்தக் குழாய்ல காயம் பட்டிருக்கு. இந்த ஆபரேஷன்ல சில பேருக்கு இப்படி ஆகிறது உண்டு. நாங்க முன்னாடியே சொல்லியிருக்கணும். இன்னொரு தடவை திறந்து சரி பண்ணணும், அதுக்கு இதைவிடப் பெரிய இடத்துக்குப் போறது நல்லது" என்றார். சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மதுரைக்குக் கொண்டுபோய்ச் சரி செய்தோம். வழக்குப் போடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது, வேண்டாம் என்று தடுத்தவர் சித்திதான். "அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்து சொல்லுச்சுல்ல" என்றார்.

அந்த நாலு நாள் மௌனத்துக்கு நான் இன்றும் மன்னிப்புக் கொடுக்கவில்லை. அது வேறு. ஆனால் ஒருவர் சொன்ன உண்மை ஒரு குடும்பத்தின் கோபத்தை எந்த அளவுக்கு இறக்கி வைக்கும் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. டாக்டரின் சிகிச்சை அதில் அடங்குமா என்று பெரிய சண்டை. அடங்காது என்று நம் சென்னை உயர் நீதிமன்றமே 1994-இல் சொன்னது. 1995 நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அடங்கும் என்றது. சாந்தா வழக்கு என்று எங்கள் வட்டாரத்தில் சொல்வோம். அதுவரை சிவில் கோர்ட்டில் நீதிமன்றக் கட்டணம் கட்ட முடியாமல் திரும்பிப் போனவர்களுக்கு அன்றுதான் வாசல் திறந்தது. 2019-இல் புதிய நுகர்வோர் சட்டம் வந்தபோது மசோதாவில் இருந்த மருத்துவம் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். இனி டாக்டர்கள் மேல் போக முடியாது என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தையும் தள்ளிவிட்டது. மருத்துவம் இன்றும் அந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது.

அரசு மருத்துவமனை விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லாருக்கும் முழுக்க இலவசம் என்றால் அது நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசம் என்றால், அந்த இலவச நோயாளியும் நுகர்வோரே. முழு இலவச மருத்துவமனை என்றால் சிவில் வழக்கும் உயர் நீதிமன்றமும் இருக்கின்றன. 2018 கடைசியில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி கலந்த ரத்தம் ஏற்றப்பட்ட கொடுமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. காசு வாங்காமல் பார்த்தோம் என்பதால் பொறுப்பு இல்லாமல் போய்விடாது.

அவசர சிகிச்சை பற்றியும் இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். 1992-இல் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரை அனுப்பிக்கொண்டே இருந்தன. கடைசியில் தனியாரில் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவசரத்தில் வந்தவருக்கு உரிய நேரத்தில் சிகிச்சை மறுப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையையே மீறுவது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பே, 1989-இல், போலீஸ் கேஸ் என்று சொல்லி அடிபட்டவரைத் திருப்பி அனுப்பக் கூடாது, முதலில் உயிர், பிறகு காகிதம் என்று சொல்லிவிட்டார்கள். தனியாருக்கும் அது பொருந்தும். நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்த பிறகு, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். அட்வான்ஸ் கட்டு என்று கேட்டால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

இனி காவல் நிலையம். டாக்டரைக் கைது செய்யச் சொல்லுங்கள் என்றுதான் முதலில் எல்லாரும் கேட்கிறார்கள். அதை நான் ஆதரிப்பதில்லை. காரணம் சொல்கிறேன். 1995-இல் லூதியானாவில் ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறல். கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலி. மாற்றுச் சிலிண்டர் பொருத்துவதற்குள் அவர் இறந்துவிட்டார். மகன் கொதித்துப் போனார், கொதிக்காமல் இருக்க முடியுமா? டாக்டர்மேல் கிரிமினல் வழக்கு. 2005 ஆகஸ்டு 5-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. சிலிண்டர் இல்லாததற்கு மருத்துவமனை இழப்பீடு தரவேண்டி வரலாம், ஆனால் அதற்காக அந்த டாக்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்றது. கிரிமினல் வழக்குக்கு அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். இன்னொரு மருத்துவரின், கூடுமானவரை அரசு மருத்துவரின், நடுநிலையான கருத்து இல்லாமல் மேலே போகக் கூடாது. எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது. ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு என்று இதைச் சொல்வார்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவும், அலட்சியத்தால் ஏற்படும் மரணத்துக்கு மற்றவர்களுக்கு 5 ஆண்டு வரை தண்டனை என்றும், பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்ததற்கு 2 ஆண்டு வரை என்றும் பிரித்திருக்கிறது. கையில் விலங்கு மாட்டப்படும் என்ற பயத்தோடு கத்தியை எடுக்கிற அறுவை மருத்துவர் நமக்கு வேண்டாம். சிக்கலான நோயாளியைத் தொடவே அவர் தயங்குவார். அந்த நோயாளி நம் வீட்டுக்காரராக இருப்பார்.

2024 நவம்பர் 13-ஆம் தேதி சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவரை, அங்கே சிகிச்சை பெற்ற ஒரு தாயின் மகன் கத்தியால் குத்தினார். அதைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. அதற்கு எந்த நியாயமும் கிடையாது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை என்று 2008-ஆம் ஆண்டே தமிழ்நாடு சட்டம் இயற்றியிருக்கிறது. அது சரியான சட்டம். அதோடு இன்னொன்றையும் மருத்துவ நண்பர்களிடம் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டவருக்குப் பதில் கிடைக்கிற இடமாக, மனக்குறையைச் சொல்ல ஒரு மேசையாவது உள்ள இடமாக மருத்துவமனை இருக்க வேண்டும். புறநோயாளிப் பிரிவில் ஒரு காலையில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கிற டாக்டர் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச முடியாது என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஆள் போடுவது அரசின் கடமை. தனியாரில் அந்தச் சாக்கு இல்லை.

நோயாளி எங்கே போகலாம் என்பதற்கு வருகிறேன். மருத்துவரின் நடத்தையைப் பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். எச்சரிக்கவும் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. உங்களுக்குப் பணம் வாங்கித் தர அதிகாரம் இல்லை. இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இப்போது நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் போடலாம், சென்னையில் ஆபரேஷன் நடந்தது என்பதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். சிகிச்சைக்கு நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். அது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வக்கீல் வேண்டும், வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவசம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

இரண்டு ஆண்டு. இந்தக் கெடுவை மறக்காதீர்கள். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போட வேண்டும். நியாயமான காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. துக்கத்தில் ஒரு வருஷம் போய்விடும், வருஷாந்திரம் முடியட்டும் என்று இருப்போம், பிறகு யாராவது சொல்லி யோசிப்பதற்குள் கெடு முடிந்திருக்கும். மூன்று மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடப்பில் வருஷக் கணக்கில் ஆகிறது. அதைச் சொல்லாமல் உங்களைக் கூட்டிப் போக மாட்டேன்.

நிபுணர் சாட்சிக்கு எங்கே போவது, ஒரு டாக்டருக்கு எதிராக இன்னொரு டாக்டர் சொல்வாரா என்று கேட்பீர்கள். உண்மையில் அது கஷ்டம்தான். 2010-இல் ஹைதராபாத் வழக்கு ஒன்றில், எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மலேரியாக் காய்ச்சலில் இருந்த பெண்ணுக்கு டைபாய்டு சிகிச்சை கொடுத்த வழக்கு. அவர் இறந்துவிட்டார். அங்கே குடும்பத்துக்குக் கைகொடுத்தது சிகிச்சையின் பதிவேடுதான். சொல்லாமல் விட்டதை எல்லாம் கேஸ் ஷீட் சொல்லிவிடும். எந்த நேரம் எழுதப்பட்டது, எந்த இடத்தில் அடித்துத் திருத்தப்பட்டது, எந்த இரண்டு மணி நேரத்துக்கு எதுவுமே எழுதப்படவில்லை என்பதுகூடப் பேசும்.

இந்தப் பதிவேடு உங்களுக்குச் சேர வேண்டியது. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் இதைச் சொல்கின்றன. உள்நோயாளியின் பதிவேட்டை மருத்துவர் மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வழக்குப் போடுகிறேன் என்று சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. காரணமே சொல்ல வேண்டாம். வேறு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றால்கூடப் போதும். சண்டை போட்டுக்கொண்டு கேட்காதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகிற அன்றே, நல்ல முகத்தோடு இருக்கும்போதே, எழுத்தில் கேளுங்கள். நாலு வரி போதும். வேண்டுபவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்:

"ஐயா, தங்கள் மருத்துவமனையில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன உள்நோயாளி எண்ணில் சிகிச்சை பெற்றேன். எனது கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், அறுவைக் குறிப்புகள், மயக்க மருந்துப் பதிவு, பரிசோதனை முடிவுகள், நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள் ஆகியவற்றின் முழு நகலை, மருத்துவ நெறிமுறை விதிகள் 2002-இன்படி 72 மணி நேரத்துக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நகல் எடுக்கும் செலவைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன்."

இரண்டு படி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அங்கே நின்று வாதாட வேண்டாம், அதே கடிதத்தை, சேர்ந்ததற்கான சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அந்தச் சான்றைத் தொலைத்துவிடாதீர்கள். அது மஞ்சள் பையில் மேலாக இருக்கட்டும்.

கடிதம் எழுதத் தெரியவில்லை, எழுதத் தயக்கமாக இருக்கிறது என்பவர்களுக்காக, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை இதே நூலகத்தின் கீழ்த்தளத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். நூலகர் ஐயா இடம் கொடுத்திருக்கிறார். பையைக் கொண்டுவாருங்கள்.